சக்கரம் ஆறும் வரை

அக்கா,

டேங்க்கில் பெட்ரோல் இருந்தது.

கறுப்பு வண்டியை விலைக்குக் கேட்டு இன்று காலை சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். எட்டு மாதமாக ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. நான் தார்ப்பாயைத் தொடவில்லை. அவரையே விலக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அந்த வாசனை வந்தது. காய்ந்துபோன டப்பாவின் பழைய வாடை இல்லை, குப்பென்று மூக்கில் ஏறும் பெட்ரோல் வாசனை.

"ஏனுங்கம்மா, முக்கா டேங்க் பெட்ரோல் கெடக்குதுங்களே. எறக்கி வெச்சுக்கறீங்களா, அப்படியே தர்றீங்களா?" என்று கேட்டார்.

நான் நம்பவில்லை. அவர் வண்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். உள்ளே தளும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "இந்த வண்டி விக்கறதுக்கு இல்லீங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன். இவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். நினைக்கட்டும்.

அந்த டேங்க் காலியாக இருக்க வேண்டும் அக்கா. அதைக் காலி செய்தவள் நான். அதனால்தான் நீ செத்தாய் என்று இந்த எட்டு மாதமும் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

உன் வண்டிப் பைத்தியத்துக்கு அப்பாதான் காரணம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவருக்கு வண்டியும் கொடுத்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெட்ரோலையும் அளந்து கொடுத்தார்கள். அதனால் கொட்டச்சேடு இறக்கத்தில் வரும்போது சாவியைத் திருகி என்ஜினை அணைத்துவிடுவார். முன்னால் டேங்க் மேல் நீ. பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். திடீரென்று சத்தமெல்லாம் அடங்கிவிடும். சக்கரம் உருளும் சரசரப்பும் சில்வர் ஓக் மரத்துக் காற்றும் மட்டும்தான். "இப்போ கேளுங்க" என்பார் அப்பா. நீ வாய்விட்டுச் சிரிப்பாய். நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "ஸ்டார்ட் பண்ணுங்கப்பா, ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்று கத்துவேன். கீழே வந்ததும் வாந்தி எடுப்பேன். ஒரே அப்பா, ஒரே வண்டி, ஒரே இறக்கம். உனக்கு அது சொர்க்கமாக இருந்தது, எனக்கு வயிற்றைப் புரட்டியது. அதற்குப் பிறகு நான் இரண்டு சக்கர வண்டியில் ஏறவே இல்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் நீ கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அம்மா இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். விரலெல்லாம் கிரீஸ். "பொண்ணு வண்டியெல்லாம் ஓட்டுமாமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "ஓட்டுவேனுங்க. ரிப்பேரும் பாப்பேனுங்க. உங்க கார் வர்றப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு, பாத்துட்டுத் தரட்டுமா?" என்றாய். அத்தோடு போனவர்கள்தான். அப்புறம் எந்தச் சம்பந்தத்துக்கும் நீ பிடி கொடுக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வண்டியைப் பிரித்துப் போடுவதும், திங்கள்கிழமை அதை ஓட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவதுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினாய்.

நாற்பத்தாறு வயதில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். என் வீட்டுக்காரர் தவறிப்போய் நான் உன்னோடு வந்து சேர்ந்திருந்த சமயம்.

"வண்டிய வெச்சே பொழைச்சுப் பாக்கலாம் பாப்பா. அடிவாரத்துல ஒரு ஷெட்டு காலியா இருக்குது. பஸ்ஸுல வர்றவங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுவோம். மேல போய்ச் சுத்திட்டு சாயங்காலம் கொண்டாந்து விட்டுட்டுப் போவட்டும்."

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றேன்.

"கெட்டுப்போயி நொம்ப நாளாச்சு. நீ வர்றியா, இல்லியா?"

வந்தேன். வேறு எங்கே போவேன்?

பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் மூன்று பழைய வண்டிகளோடு திறந்தோம். வருகிற ஆண்களெல்லாம் உன்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். "ஓனர்தான் பேசறேனுங்க, சொல்லுங்க" என்பாய். அதில் உனக்கு ஒரு குஷி. கேட்காதவர்களைக் கண்டால் ஏமாந்துபோவாய்.

முதல் வருஷத்திலேயே ஒருவன் நியூட்ரலில் இறங்கி வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்ச் சுவரில் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இரண்டு சட்டங்கள் போட்டாய். சாவியைக் கொடுப்பதற்கு முன் நீ பின்சீட்டில் உட்கார்ந்து முதல் கொண்டை ஊசி வளைவு வரை போய்வருவாய். ஓட்டத் தெரிந்தவன் என்றால் வண்டி கிடைக்கும், இல்லையென்றால் பஸ் நேரத்தைச் சொல்லி அனுப்பிவிடுவாய். காலேஜ் பையன்கள் ஐம்பது வயதுப் பெண்மணியைப் பின்னால் வைத்துக்கொண்டு முகம் சிவந்து ஓட்டுவார்கள். பஞ்சர் கடைக்காரர் தினமும் நாற்காலி போட்டு அதை வேடிக்கை பார்ப்பார்.

இரண்டாவது சட்டம் சாயங்காலத்துக்கு. மலையிலிருந்து திரும்பிவரும் எந்த வண்டியானாலும் நின்றவுடன் பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கியரில் இறங்கி வந்த வண்டியென்றால் கை பொறுக்கும். என்ஜினை அணைத்து, பிரேக்கை மட்டும் நம்பி உருட்டிக்கொண்டு வந்ததென்றால் கையைச் சுட்டுவிடும். அதற்கப்புறம் அந்த ஆள் உன்னிடம் பட்ட பாடு! "என்ஜின் இல்லாம எறங்கறதுக்கு என்ற வண்டி எதுக்கு கண்ணு? மேல போய்ப் படுத்துக்கிட்டு உருண்டு வந்தாப் போதுமே" என்பாய். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையனைக் கண் கலங்க வைத்தாய். இனி உனக்கு வண்டி கிடையாது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாய்!

ஓனருக்கும் அதே சட்டம்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நினைவிருக்கிறதா? மலைமேல் நம் வீட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் நான் இறங்கி வந்து ஷட்டரைத் திறப்பேன். நீ ஒரு மணி நேரம் கழித்து வண்டியில் வருவாய். வந்து நின்றதும் நான் போய் டிரம்மில் புறங்கையை வைப்பேன். இளஞ்சூடுதான் இருக்கும். "பாத்துக்க பாப்பா, இப்படித்தான் எறக்கோணும்" என்பாய். பதினோரு வருஷம், ஒரு காலைகூடத் தவறாமல் என்னிடம் அந்தப் பெருமையை அடித்துக்கொண்டாய்.

பெட்ரோல் என் வேலை. வாடகை முடிந்து வரும் வண்டியில் மிச்சம் இருப்பதை ட்யூப் வழியாகக் கேனில் இறக்கிவிட்டு, அடுத்த ஆள் மேலே இருக்கும் பங்க் வரை போகிற அளவுக்கு மட்டும் விட்டுவைப்பது. நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நீ தினமும் சாயங்காலம் வேறு வேறு வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போவாய். "ஓட்டிப் பாத்தாத்தான் அதுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியும்" என்பாய். எதை எடுக்கப்போகிறாய் என்று மத்தியானமே சொல்லிவிடுவாய். அந்த வண்டியில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன்.

அன்றைக்குச் சிவப்பு வண்டி என்றுதான் சொன்னாய். கறுப்பு வண்டியில் பெட்ரோலை இறக்கிவிட்டேன். கேனை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புகிறேன், நீ கறுப்பு வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாய். சிவப்பில் செயின் சத்தம் கேட்டதாம், பஞ்சர் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். வீட்டில் நீ மீன் குழம்பு வைத்திருந்தாய். சாப்பிட்டேன். மறந்துவிட்டேன்.

காலையில் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ராத்திரி குழம்புதான் கரிக்குது" என்றாய். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதில் என் முதல் பஸ் போய்விட்டது. "இன்னைக்கு எங்கூட பஸ்ஸுலயே வா" என்று கூப்பிட்டேன். "பஸ்ஸா? எனக்கு வாந்தி வரும் பாப்பா" என்று என்னைப் போலவே முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினாய். அடுத்த பஸ்ஸில் நான் உன் பின்னாலேயே வந்தேன்.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்குப் பெட்ரோல் ஞாபகம் வந்தது. அக்கா, நான் சிரித்தேன். எங்காவது வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பாய், ஜன்னல் வழியாகக் கையாட்டிக் கேலி செய்யலாம் என்று சிரித்தேன்.

அடிவாரத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வளைவில் கொய்யாக்காய் விற்கும் அம்மா ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். கறுப்பு வண்டி ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. நீ தடுப்புச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாய், கண் சேலம் பக்கம் திறந்திருந்தது. உன்னை உலுக்கினேன். தலை என் தோளில் விழுந்தது. எழுந்திருக்க முடியாமல் எதையோ பிடித்தேன். புறங்கை தீயில் வைத்ததுபோல் சுட்டது. பிரேக் டிரம். ஒரு குரங்கு வந்து உன் பக்கத்திலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது. இதெல்லாம்தான் ஞாபகம் இருக்கிறது. யார் அழுதார்கள், யார் வண்டி பிடித்தார்கள், எதுவும் தெரியாது.

மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார்கள். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. சுட்ட கை வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றுபோயிருக்கிறது. வெறும் பிரேக்கோடு அவ்வளவு கனமான வண்டியை வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து இறக்கியிருக்கிறாய். நியூட்ரலில் இறங்குவதை அவ்வளவு வெறுத்த நீ, அந்தப் பயத்தில்தான் நெஞ்சு அடைத்துப் போயிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்ல மறந்த தங்கச்சியால். கல்லறையில் மண் போடும்போது கையிலிருந்த கட்டைப் பார்த்து எல்லோரும் கேட்டார்கள். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன்.

கடையை அன்றைக்கு மூடியதுதான். வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, முதலில் கறுப்பு வண்டிக்கு ஆளை வரச்சொன்னேன். அதன் டேங்க்கை எட்டு மாதத்தில் நான் ஒரு தடவையும் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடுமே.

இன்றைக்குத் தெரிந்தது. அன்று மலையேறும்போதே நீ பெட்ரோல் முள்ளைப் பார்த்திருக்கிறாய். மேலே பங்க்கில் ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறாய். வந்து மீன் குழம்பு வைத்தாய். என் தவறை அத்தனை சுலபமாகச் சரிசெய்துவிட்டு, அதை ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை. சரி. அப்படியென்றால் டிரம் ஏன் சுட்டது?

ஷட்டரைக்கூட இழுத்துவிடாமல் ஓடிப்போய் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இத்தனை நாள் எட்டாவது வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்பவள், இன்றைக்கு டிரைவரிடம் சொல்லி அங்கேயே இறங்கினேன். கொய்யாக்கார அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி அக்கா வண்டி எப்படி வந்துச்சுங்க? என்ஜின் சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"சத்தமா? அக்கா வண்டி எப்பங்க சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு? தெனமும் ஆஃப் பண்ணிட்டுத்தானுங்களே வருவாங்க."

"தெனமுமா?"

"மழை பேஞ்சா மட்டும் இல்லீங்க. மத்தபடி தெனமும். மேல் வளைவுல திரும்பறதே தெரியாது, சொய்ய்யின்னு வந்து நிப்பாங்க. மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கும். ஒரு கொய்யாக்கா வாங்குவாங்க, உப்பு மொளகாப்பொடி சாஸ்தியா. செவுத்துமேல ஒக்காந்து தின்னுக்கிட்டே நடுநடுவுல எந்திரிச்சுப் போய்ச் சக்கரத்தத் தொட்டுப் பாப்பாங்க."

"எதுக்குங்க?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சக்கரம் ஆறட்டும்பாங்க. கீழ எந் தங்கச்சி கைய வெச்சுப் பாப்பா, கண்டுபுடிச்சா என்னையத் தொலைச்சுப்போடுவா அப்படிம்பாங்க. ஆறினதும் ஸ்டார்ட் பண்ணிக்கிட்டுப் போயிருவாங்க. அன்னிக்கும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தாங்க சாமி. பாதிக் காய் தின்னாங்க. இப்படி நெஞ்சில கைய வெச்சாங்க, அவ்வளவுதான். மீதிக் காயைக் கொரங்கு கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

நான் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நீ உட்கார்ந்த அதே இடம். எனக்கு அழுகை வரவில்லை அக்கா. நீயா? தோள்பட்டை உடைந்தவனுக்காக ஜெபமாலை உருட்டிய நீயா? அந்தப் பெங்களூர்ப் பையனை அழவைத்த நீ, அதே நாள் காலையில் என்ஜினை அணைத்துவிட்டு இருபதாவது வளைவிலிருந்து பன்னிரண்டு வளைவு இறங்கி வந்திருக்கிறாய். கூச்சமே இல்லாமல் "பாத்துக்க பாப்பா" என்று என் எதிரே நின்றிருக்கிறாய். பதினோரு வருஷம்! ஒரே வீட்டில் ஒரே குழம்பைத் தின்றவளிடம்! எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு, நீ மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன்.

கொஞ்ச நேரம் வண்டி எதுவும் வரவில்லை. மலை அமைதியாக இருந்தது. மேலே எங்கோ மரத்தில் காற்று போனது. அப்பா "இப்போ கேளுங்க" என்று சொல்வாரே, அது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. அந்த நாளில் நான் கத்திய கத்தலில் எதையும் கேட்டதில்லை. உனக்குக் கடைசி வரை அது வேண்டியிருந்திருக்கிறது. தொழில் என்று ஆனபிறகு அதை எல்லோருக்கும் மறுக்க வேண்டியிருந்தது. உனக்கு நீயே மறுத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. அன்றைக்கு நீ பயத்தில் போகவில்லை. சந்தோஷமாக வந்து இறங்கியிருக்கிறாய், வாயில் உப்பு மிளகாயோடு. இது தெரியாமல் எட்டு மாதம் எப்படித் தூங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டிகளை விற்கப்போவதில்லை. நாளைக்குக் கடையைத் திறக்கிறேன். சட்டம் இரண்டும் அப்படியே இருக்கும். நீ செய்தாய் என்பதற்காக அது சரியாகிவிடாது, சொல்லிவிட்டேன். முதல் வளைவு வரை பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமே, நானே உட்காரப்போகிறேன். கண்ணை மூடிக்கொள்வேன். அது என் சௌகரியம். பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னேன். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார்.

புறங்கையில் தழும்பு இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அளவு. இத்தனை நாளாக அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தேன், யாராவது பார்த்தால் என் குற்றம் தெரிந்துவிடும் என்று. இன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலில் கையை வைத்து வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உன் சக்கரம் ஆறுவதற்குள் என் கை அதில் பட்டிருக்கிறது.

அகப்பட்டுக்கொண்டாய் அக்கா.